ஏழு தோட்டா, முப்பது தோட்டா: நியூசிலாந்து ஒரு துப்பாக்கியை மதிப்பிட்ட விதம்

2019 ஜூலை 13, சனிக்கிழமை. கிறைஸ்ட்சர்ச் நகரின் ரிக்கார்ட்டன் குதிரைப் பந்தயத் திடலுக்கு அன்று வந்தவர்கள் பந்தயம் பார்க்க வரவில்லை. பெட்டியிலும் உறையிலும் துப்பாக்கிகளைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆயுதம் ஏந்திய காவலர்கள் சுற்றி நின்றார்கள். உள்ளே மேசைகள். ஒருவர் தன் துப்பாக்கியை மேசைமேல் வைக்கிறார். எதிரில் இருப்பவர் அது காலியாக இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்கிறார். பிறகு திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அடகுக் கடையில் சங்கிலியைக் கையில் வாங்குகிறவரின் பார்வை அது. துரு ஏறியிருக்கிறதா, கட்டை விரிசல் விட்டிருக்கிறதா, பாகங்கள் முழுதாக இருக்கின்றனவா? பார்த்துவிட்டு ஒரு தரம் சொல்கிறார். அந்தத் தரத்துக்கு உரிய பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும். துப்பாக்கி நீரழுத்த இயந்திரத்துக்குப் போய், குழல் நசுங்கிக் கோணலாகி, பழைய இரும்பாகிவிடும்.

அந்த ஒரு நாளில் 169 பேர் 224 துப்பாக்கிகளையும் 217 உதிரிப் பாகங்களையும் ஒப்படைத்தார்கள். அதற்கான தொகை 4,33,682 நியூசிலாந்து டாலர். பாகங்களுக்கான பணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு துப்பாக்கிக்குச் சராசரியாக 1,900 டாலருக்கு மேல் வருகிறது. கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முறையாக உரிமம் பெற்றவர்கள். மூன்று மாதங்களுக்கு முன்புவரை அந்தத் துப்பாக்கிகளை வைத்திருந்தது எந்தக் குற்றமும் இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த மசூதிப் படுகொலைக்குப் பிறகு அரசு அவற்றைத் தடை செய்து, பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது.

ஒரு துப்பாக்கியை மதிப்பிடுவது என்றால் என்ன என்பதைப் பார்க்க, எனக்குத் தெரிந்தவரை, இதைவிடத் துல்லியமான நிகழ்வு கிடையாது. நியூசிலாந்து அரசு ஒரே பொருளை முப்பது ஆண்டுகளுக்குள் இரண்டு முறை மதிப்பிட்டது. முதல் முறை அதன் தோற்றத்தை வைத்து, சட்டப் புத்தகத்தில். இரண்டாம் முறை அதன் விலையை வைத்து, மேசைமேல். முதல் மதிப்பீட்டில் ஒரு தகரப் பெட்டியை விட்டுவிட்டார்கள். இந்த ஆய்வு பெரும்பாலும் அந்தத் தகரப் பெட்டியைப் பற்றியது.

அரமோவானா

‘இராணுவப் பாணி அரைத் தானியங்கித் துப்பாக்கி’ என்ற சொற்றொடரை உலகமெங்கும் செய்தியாளர்கள் பொத்தாம்பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள். நியூசிலாந்தில் அது சட்டத்தில் வரையறை செய்யப்பட்ட சொல். அந்த வரையறை பிறந்ததற்குக் காரணம் ஒரு கடலோரச் சிற்றூர்.

தென் தீவில் டுனீடின் துறைமுகத்தின் வாயில் இருக்கிறது அரமோவானா. 1990 நவம்பர் 13 அன்று அங்கே வசித்த ஒருவன் அண்டை வீட்டாருடன் மூண்ட சண்டைக்குப் பிறகு அரைத் தானியங்கித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். 13 பேர் இறந்தார்கள். முதலில் அங்கு போய்ச் சேர்ந்த காவல்துறை சார்ஜென்ட் ஸ்டூவர்ட் கத்ரியும் அவர்களில் ஒருவர். மறுநாள் காவல்துறையினர் அவனைச் சுட்டு வீழ்த்தினார்கள்.

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1983ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்திருந்தது. அதுவரை ஒவ்வொரு ரைபிளும் பதிவு செய்யப்பட்டது. பதிவேடுகள் தாறுமாறாகக் கிடந்தன, பராமரிக்கச் செலவும் அதிகம். ஆகவே துப்பாக்கியைப் பதிவு செய்வதை விட்டுவிட்டு ஆளுக்கு உரிமம் கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஆள் நல்லவன் என்று தெரிந்துவிட்டால் அவன் வீட்டில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது, என்ன வகை என்பதெல்லாம் அரசுக்கு எதற்கு என்பதுதான் அதன் தர்க்கம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரே தூணில் நிற்கும் மண்டபம். ஆளைச் சரிபார்ப்பதில் ஒரு முறை தவறினால் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை.

அரமோவானாவுக்குப் பிறகு 1992இல் திருத்தம் வந்தது. ஆயுள் முழுவதற்கும் கொடுத்த உரிமம் 10 ஆண்டாகக் குறுகியது, அதில் புகைப்படம் ஒட்டப்பட்டது. கூடவே அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை இரண்டாகப் பிரித்தார்கள். சாதாரண ‘ஏ’ வகை உரிமத்தோடு வாங்கக்கூடியவை ஒரு பக்கம். ‘ஈ’ வகை ஒப்புதல் தேவைப்படும் இராணுவப் பாணித் துப்பாக்கிகள் மறுபக்கம். ‘ஈ’ வகைக்குக் கெடுபிடி அதிகம்: ஒவ்வொரு துப்பாக்கியையும் வாங்கத் தனி அனுமதி, பதிவு, வீட்டில் வலுவான பாதுகாப்பு ஏற்பாடு.

எதை வைத்துப் பிரித்தார்கள்? இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

தோற்றத்தை அளந்த சட்டம்

அரைத் தானியங்கி என்பதன் பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் உண்டாகும் வாயுவின் ஒரு சிறு பகுதி பின்னோக்கித் திருப்பப்படுகிறது. அந்த விசை காலி உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றி, துப்பாக்கியை மறுபடி சுடத் தயாராக்குகிறது. சுடுபவர் விரலை விட்டு மறுபடி அழுத்தினால் போதும். போல்ட் வகை வேட்டைத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். முழுத் தானியங்கியில் விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும். அரைத் தானியங்கி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இதில் மிகப் பெயர் பெற்றது ஏஆர்-15. ‘ஏஆர்’ என்பது ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. ‘அசால்ட் ரைபிள்’ என்பதன் சுருக்கம் என்று பலர் நம்புகிறார்கள், அது பிழை. யூஜின் ஸ்டோனர் 1950களில் வடிவமைத்த இதன் உரிமையை 1959இல் கோல்ட் நிறுவனம் வாங்கியது. இராணுவத்துக்குப் போனது எம்-16 ஆயிற்று. விசையை அழுத்தினால் ஒரே ஒரு தோட்டா மட்டும் போகும்படி மாற்றிப் பொதுமக்களுக்கு 1960களில் விற்கத் தொடங்கினார்கள். கனமில்லாத அலுமினிய உடல், சிறிய தோட்டா, அதனால் பின்னுதைப்புக் குறைவு. இரண்டு ஊசிகளைத் தள்ளினால் மேல்பாதியும் கீழ்பாதியும் பிரிந்துவிடும். பிடியையும் பின்கட்டையையும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியான மேகசினையும் மாற்றுவது மிதிவண்டியில் சீட்டை மாற்றுகிற அளவு வேலைதான். பயிற்சி பெற்ற படைவீரர்களே பெரும்பாலும் ஒற்றைத் தோட்டாவாகத்தான் சுடுகிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இது இராணுவத் துப்பாக்கியே அல்ல, தொடர்ந்து சுடாது’ என்று விற்பவர்கள் சொல்லும்போது அந்த வாதத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது அப்போதுதான் தெரியும்.

இனி 1992ஆம் ஆண்டின் பட்டியல். மடக்கக்கூடிய அல்லது நீட்டிச் சுருக்கக்கூடிய பின்கட்டை. முனைக்கத்தி மாட்டுவதற்கான காது. சுடும்போது தெறிக்கும் சுடரை மறைக்கும் குழல்முனைக் கருவி. இராணுவ அமைப்பில் தனித்து நிற்கும் கைப்பிடி. ஏழு தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின். ரிம்பயர் எனப்படும் சிறிய .22 தோட்டா வகைக்கு மட்டும் பதினைந்து. இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் துப்பாக்கி இராணுவப் பாணி. எதுவும் இல்லாவிட்டால் அது ‘விளையாட்டு வடிவம்’, ‘ஏ’ வகை.

பட்டியலை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஐந்தில் நான்கு, துப்பாக்கி எப்படித் தெரிகிறது அல்லது எப்படிப் பிடிக்கப்படுகிறது என்பதைப் பற்றியவை. முனைக்கத்திக் காதை அரத்தால் ராவித் தேய்த்துவிட்டால் ஒரு பழைய சோவியத் அல்லது சீனத் துப்பாக்கி சாந்தமானதாகிவிடுமா? 1990ஆம் ஆண்டில் கத்தியால் குத்தியா யாரும் இறந்தார்கள்? எத்தனை பேரைச் சுட முடியும் என்பதைத் தீர்மானிக்கிற அம்சம் அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான்: மேகசின். அதுவோ துப்பாக்கியின் நிரந்தர உறுப்பு அல்ல. ஒரு பொத்தானை அழுத்தினால் கையில் வந்து விழும் பெட்டி.

ஆக, பட்டியலின் மற்ற நான்கு அம்சங்களும் இல்லாமல், வீட்டு அலமாரியில் ஏழு தோட்டா மேகசினோடு நிற்கும் ஏஆர்-15 வகைத் துப்பாக்கி ‘ஏ’ வகை. அதே துப்பாக்கியில் முப்பது தோட்டா மேகசினைச் செருகினால் ‘டக்’ என்ற ஓசையோடு அது ‘ஈ’ வகை. ஒப்புதல் இல்லாதவர் கையில் குற்றம். கழற்றினால் மறுபடி ‘ஏ’. சட்டம் பிரித்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே இருந்த சுவரின் கனம் அந்த ஓசையளவுதான். அந்த முப்பது தோட்டா மேகசினை வாங்க உரிமம் காட்ட வேண்டியதில்லை. மேகசின் என்பது ஆயுதம் இல்லை, தகரமும் சுருள்கம்பியும் சேர்ந்த ஒரு பெட்டி.

கைப்பிடியைச் சுற்றி நடந்த வழக்கும் உண்டு. கட்டைவிரல் நுழையும் துளையோடு பின்கட்டையோடு ஒட்டியிருக்கும் பிடி ‘தனித்து நிற்கும்’ பிடியா, இல்லையா? 2009இல் காவல்துறை தன் விளக்கத்தை இறுக்கி, அதுவரை ‘ஏ’ வகையில் இருந்த சில துப்பாக்கிகளை ‘ஈ’ வகைக்குத் தள்ளப் பார்த்தது. உரிமையாளர்கள் தரப்பு உயர் நீதிமன்றம் போனது. 2010இல் தீர்ப்பு காவல்துறைக்கு எதிராக வந்தது. பிறகு 2012இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நீதிபதியும் வழக்கறிஞர்களும் காவல்துறை நிபுணர்களும் இவ்வளவு அக்கறையோடு பிடியைச் சுற்றி வந்துகொண்டிருந்த அந்தக் காலம் முழுவதும் மேகசின்கள் தடையின்றி விற்றுக்கொண்டிருந்தன.

வைத்திருந்தவர்கள்

நியூசிலாந்துக்காரர் எதற்கு இந்தத் துப்பாக்கியை வாங்கினார் என்று கேட்காமல் இந்த ஆய்வு நியாயமாகாது.

வௌவால்களைத் தவிர அந்த நாட்டு மண்ணுக்கென்று பிறந்த நிலப் பாலூட்டிகள் இல்லை. முயலும் மானும் ஆடும் பன்றியும் குடியேறியவர்கள் கொண்டுவந்து விட்டவை. வேட்டையாடும் விலங்கு இல்லாத காட்டில் அவை பெருகின. மேய்ச்சல் நிலம் மொட்டையானது, மலைச்சரிவுகள் அரித்தன. 1930களிலிருந்து அரசே சம்பளம் கொடுத்து மான்களைச் சுட ஆட்களை மலைக்கு அனுப்பியது. நம் ஊரில் வேட்டை என்றால் வனத்துறை வழக்கு நினைவுக்கு வரும். அங்கே அது நிலப் பராமரிப்பின் பகுதி. ஒரு பண்ணையில் வண்டிக்கும் வேலிக்கம்பிக்கும் பக்கத்தில் துப்பாக்கியும் இருக்கும்.

சரிவில் முப்பது காட்டு ஆடுகள் மேய்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வெடியில் கூட்டம் சிதறுகிறது. போல்ட் துப்பாக்கிக்காரர் கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுத்து, போல்ட்டை இழுத்துத் தள்ளி, மறுபடி குறி பிடிப்பதற்குள் பாதி ஆடுகள் புதருக்குள். அரைத் தானியங்கியில் கண் அசையத் தேவையில்லை. களைக்கொல்லி தெளிப்பது போல் விலங்கைக் குறைக்கும் வேலையில் இது உண்மையான பயன். மானுக்கு அப்படி இல்லை. மான் வேட்டையில் நல்ல ஒரு வெடி போதும். இரண்டாவது வெடி தேவைப்பட்டால் முதலாவது சரியில்லை என்று பொருள். அனுபவசாலிகள் பலர் அந்த வேலைக்குப் போல்ட் துப்பாக்கியைத்தான் எடுத்தார்கள்.

இவர்களைத் தவிர, ஓடிக்கொண்டே இலக்குகளைச் சுடும் போட்டிக்காரர்கள் இருந்தார்கள். தாத்தா போர்முனையிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியை வைத்திருந்த குடும்பங்கள் இருந்தன. வெறும் ஆசைக்காக வாங்கியவர்களும் இருந்தார்கள், அதை மறைப்பதில் பயனில்லை. எந்திர நேர்த்தி ஒரு ஈர்ப்பு. பிரித்து, துடைத்து, எண்ணெயிட்டு, மறுபடி பூட்டும் இன்பம் கைக்கடிகாரம் சேகரிப்பவருக்கு இருப்பது போலத்தான். மதிப்பிட்டு வாங்கியவர்கள் துல்லியம், எடை, பின்னுதைப்பு, சேறு பட்டாலும் இயங்குமா, உதிரிப் பாகம் கிடைக்குமா என்றெல்லாம் பார்த்தார்கள். அளவுகோல்கள் எல்லாம் சரி. எவையும் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அளப்பவை அல்ல. அதை அளக்க வேண்டியது வாங்குபவரின் பொறுப்பும் அல்ல. உரிமம் கொடுப்பவரின் பொறுப்பு.

மணி அடித்தது

1996 ஏப்ரல் 28 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், போர்ட் ஆர்தரில், 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் ஆஸ்திரேலிய அரசுகள் எல்லாம் சேர்ந்து ஒப்பந்தம் செய்து, அரைத் தானியங்கிகளைத் தடை செய்து, பணம் கொடுத்துத் திரும்ப வாங்கின. கடலுக்கு இந்தப் பக்கம், நியூசிலாந்தில், ஓய்வுபெற்ற நீதிபதி சர் தாமஸ் தார்ப் தலைமையில் ஆய்வு நடந்து 1997இல் அறிக்கை வந்தது. துப்பாக்கிகளை மறுபடி பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தனி அமைப்பு வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் முக்கியமானவை. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று.

2017இல் நாடாளுமன்றக் குழு ஒன்று துப்பாக்கிகள் குற்றவாளிகள் கைக்கு எப்படிப் போகின்றன என்று ஆராய்ந்து 20 பரிந்துரைகள் கொடுத்தது. அவற்றில் பாதிக்கு மேல் அன்றைய அரசு நிராகரித்தது. சட்டத்தை மதித்து நடக்கும் வேட்டைக்காரர்களுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்பது காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் தேர்தல், ஆட்சி மாறியது. நவம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து டுனீடினில் தனியே வசித்த ஒருவனுக்கு ‘ஏ’ வகை உரிமம் கிடைத்தது. டிசம்பரிலேயே முதல் துப்பாக்கியை வாங்கினான்.

அவன் பெயரை எழுதப் போவதில்லை. அன்றைய பிரதமர் ஜசிந்தா ஆர்டன் நாடாளுமன்றத்தில் அவன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார், எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் அவனுக்கு உரிமம் கிடைத்த விதத்தை எழுதியாக வேண்டும். விண்ணப்பதாரரை நன்கு அறிந்த நெருங்கிய உறவினர் ஒருவரையும் உறவினரல்லாத ஒருவரையும் காவல்துறை நேர்காண வேண்டும் என்பது நடைமுறை. இவனுக்கு நியூசிலாந்தில் உறவினர் இல்லை. இணைய விளையாட்டில் பழகிய ஒரு நண்பரும் அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரும் சான்றளித்தார்கள். அந்த நட்பு பெரும்பாலும் இணையத்தில்தான். இவர்களுக்கு அவனை எவ்வளவு தெரியும் என்று துருவிக் கேட்கப்படவில்லை. உரிம நடைமுறையைக் காவல்துறை உரிய தரத்தில் நடத்தவில்லை என்று அரச விசாரணை ஆணையம் 2020 டிசம்பரில் வெளியான அறிக்கையில் சொன்னது.

1983இல் எழுப்பிய மண்டபத்தின் ஒரே தூண் அப்படித்தான் சரிந்தது. அதற்கு மேல் அவன் செய்ய வேண்டியிருந்தது எளிது. ‘ஏ’ வகையில் அரைத் தானியங்கிகளைச் சட்டப்படி வாங்கினான். பெரிய மேகசின்களை எந்த உரிமமும் காட்டத் தேவையில்லாமல் வாங்கினான். ‘ஈ’ வகை ஒப்புதல் கேட்டுக் காவல் நிலையப் படியேற வேண்டியதில்லாமல் போயிற்று. கேட்டிருந்தால் இன்னொரு முறை யாராவது அவனைப் பார்த்திருப்பார்கள்.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். கிறைஸ்ட்சர்ச்சின் அல் நூர் மசூதியிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் 51 பேரை அவன் கொன்றான்.

ஆறு நாள், ஒரு சொல்

மார்ச் 21 பிற்பகல் 3 மணிக்கு ஓர் அரசாணை நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டம் வரும்வரை யாரும் அவசர அவசரமாக வாங்கிக் குவித்துவிடக் கூடாது என்பதற்கான இடைக்கால ஏற்பாடு அது. அதன் வாசகத்தில் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். ஐந்து தோட்டாவுக்கு மேல் கொள்ளும், கழற்றி மாட்டக்கூடிய மேகசினோடு ‘பயன்படுத்தக்கூடிய’ அரைத் தானியங்கி எல்லாம், .22 ரிம்பயர் நீங்கலாக, இனி இராணுவப் பாணி என்றது ஆணை. 1992இன் கேள்வி ‘இந்தத் துப்பாக்கியில் என்ன மாட்டியிருக்கிறது?’ என்பது. 2019இன் கேள்வி ‘இதில் என்ன மாட்ட முடியும்?’ என்பது. இருபத்தேழு ஆண்டுகள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்த கண் கடைசியில் மேகசின் செருகும் துளைக்கு இறங்கியது.

ஏப்ரல் 10 அன்று நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. எதிர்த்த ஒரே வாக்கு ஏசிடி கட்சியின் டேவிட் சீமோருடையது. இவ்வளவு அவசரம் ஆகாது என்பது அவர் வாதம். ஆனால் மசோதாவை அவசரமாக எடுத்துக்கொள்வதை எதிர்த்து முன்னதாக நடந்த நடைமுறை வாக்கெடுப்பின்போது, அதே அவசரத்தைக் கண்டித்து வெளியே செய்தியாளர்களிடம் பேசிக்கொண்டிருந்ததில் வாக்களிக்கும் வாய்ப்பையே தவறவிட்டுவிட்டார். இரங்கலில் மூழ்கிய அந்த மாதத்தில் நியூசிலாந்துக்காரர்கள் கொஞ்சம் சிரிக்க அது ஒரு காரணமாயிற்று.

புதிய சட்டம் பட்டியல் போடும் வேலையைக் கைவிட்டது. அரைத் தானியங்கி என்றாலே தடை. விதிவிலக்கு இரண்டு: பத்துத் தோட்டா வரையுள்ள .22 ரிம்பயர், ஐந்து தோட்டாவுக்கு மிகாத, கழற்ற முடியாத குழாய் மேகசின் உள்ள ஷாட்கன். முயலுக்கும் வாத்துக்கும் அவை போதும். தொழில்முறையில் விலங்குகளைக் குறைப்பவர்கள், சேகரிப்பாளர்கள், அருங்காட்சியகங்கள் போன்றோருக்குத் தனி ஒப்புதல் உண்டு. பெரிய மேகசினும் சில பாகங்களும் தாமாகவே தடைப் பொருள்கள் ஆயின.

மேசைமேல்

சட்டப்படி வாங்கிய சொத்தை அரசு பிடுங்கினால் ஈடு கொடுக்க வேண்டும். எவ்வளவு?

தடைக்கு முந்தைய சந்தை நிலவரத்தை வைத்து ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாதிரிக்கும் ஓர் அடிப்படை விலை நிர்ணயிக்கப்பட்டு, பட்டியல் ஜூன் மாதம் வெளியிடப்பட்டது. அந்த அடிப்படை விலையில், புதியது அல்லது புதியது போன்றதற்கு 95 விழுக்காடு. பயன்படுத்தியதற்கு 70. மோசமான நிலையில் இருந்தால் 25. அடிப்படை விலை 2,000 டாலர் என்று கொண்டால், உறையை விட்டு வெளியே வராத துப்பாக்கிக்கு 1,900. தோளில் தொங்கி மலையேறியதற்கு 1,400. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததற்கு 500. அபூர்வமானவற்றுக்குத் தனி மதிப்பீடு கேட்கலாம். சில துப்பாக்கிகளைச் சட்டத்துக்குள் வரும்படி நிரந்தரமாக மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. பட்டறைச் செலவில் 300 டாலர் வரை அரசு ஏற்றது.

இந்த அளவுகோலில் ஒரு முரண் இருக்கிறது. அதிகம் உழைத்த துப்பாக்கிக்குக் குறைந்த பணம். இருபது ஆண்டுகள் பண்ணையில் ஆடு விரட்டிய கருவி 70. அலமாரியில் அழகுக்கு நின்றது 95. ‘இது எனக்கு எதற்கு’ என்ற கேள்விக்கு நல்ல பதில் வைத்திருந்தவர் நட்டப்பட்டார், பதில் இல்லாதவர் ஏறக்குறைய முழு விலையும் பெற்றார். பழைய பொருளை விலைபேசும் எந்தச் சந்தையிலும் இப்படித்தான் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் இது சந்தை இல்லை. விற்பவருக்கு மறுக்க உரிமை இல்லாத இடம். தொலைநோக்கி வைத்து, விசையை மென்மையாக்கி, பிடியைத் தன் கைக்கேற்ப மாற்றி ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்களின் குமுறல் அந்த மாதங்களில் நிறையக் கேட்டது. துப்பாக்கி உரிமையாளர்கள் மன்றம் விலைப்பட்டியல் நியாயமில்லை என்று சொல்லிவந்தது. அவர்களுடைய கோபத்தின் ஆழத்தில் விலையைவிட வேறொன்று இருந்தது: உரிமம் கொடுப்பதில் தவறியது காவல்துறை, தண்டனை எங்களுக்கா? இந்தக் கேள்வியை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பதிலாக அந்தத் துப்பாக்கிகளை அவர்களிடமே விட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அந்தக் கேள்வி இட்டுச் செல்லவில்லை. ஆளைச் சரிபார்ப்பது தவறும் என்பதற்குத்தான் அது சான்று.

திட்டம் டிசம்பர் 20 அன்று முடிந்தது. கடைசி மாதத்தில் ஒரு பெரிய சறுக்கல்: ஒப்படைப்புக்கான இணையதளத்தில் துப்பாக்கி விற்பனையாளர் ஒருவர் மற்ற உரிமையாளர்களின் விவரங்களைப் பார்க்க முடிந்தது தெரியவந்து, தளமே மூடப்பட்டது. ‘பட்டியல் போட்டால் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று திருடனுக்குத் தெரிந்துவிடும்’ என்று பதிவேட்டை எதிர்த்து வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசை யாரும் கொடுத்திருக்க முடியாது.

முடிவில் 56,000க்கு மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. பாகங்கள் சுமார் 1,88,000. துப்பாக்கியைவிட மூன்று மடங்குக்கு மேல் பாகங்கள். மேகசின்களும் அந்தக் கணக்கில் அடக்கம். 20 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கியதில் ஏறக்குறைய பாதிதான் ஈட்டுத்தொகையாகச் செலவாயிற்று.

அப்படியானால் வெற்றியா? ‘எத்தனையில் 56,000?’ என்று கேட்டால் பதில் இல்லை. ‘ஈ’ வகையில் பதிவாகியிருந்தவை சுமார் 14,000. ‘ஏ’ வகையில் இருந்தவற்றை 1983க்குப் பிறகு யாரும் எண்ணவே இல்லை. மதிப்பீடுகள் சில பத்தாயிரங்களில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டி நீண்டன. திட்டத்தைக் காவல்துறை நன்றாக நடத்தியது என்று பாராட்டிய தலைமைத் தணிக்கையாளர், 2020 மே அறிக்கையில் இதையும் சேர்த்துத்தான் சொன்னார்: எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாதபோது திட்டம் எவ்வளவு பயன் தந்தது என்று சொல்ல முடியாது. மதிப்பீடு செய்ய மேசை போட்டவர்களிடம் இருப்புப் புத்தகம் இல்லை.

அதன் பிறகு

2020 ஜூனில் இரண்டாம் சட்டம் வந்தது. முதன்முறை உரிமம் பெறுபவருக்கு ஐந்தாண்டு மட்டுமே என்றாயிற்று, பதிவேடும் திரும்பி வந்தது. தார்ப் 1997இல் கேட்ட பதிவேடு 2023 ஜூன் 24 அன்று இயங்கத் தொடங்கியது. எல்லாத் துப்பாக்கிகளும் ஏற ஐந்தாண்டு அவகாசம். 2019இல் ஒற்றை உறுப்பினரோடு இருந்த ஏசிடி கட்சி 2020 தேர்தலில் பத்து இடங்களைப் பிடித்தது. துப்பாக்கி உரிமையாளர்கள் மன்றத்தின் பேச்சாளராக இருந்த நிக்கோல் மெக்கீ அந்தக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் சென்றார். 2023 இறுதியில் அமைந்த கூட்டணி அரசில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பே அவரிடம் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

2019 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கடை ஒன்றில் முப்பது தோட்டா கொள்ளும் காலி மேகசினைக் கையில் எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போகலாம். உரிமம் இருக்கிறதா என்று கேட்கக் கடைக்காரருக்குச் சட்டக் காரணம் எதுவும் இல்லை. இன்று அதே காலி மேகசின், பக்கத்தில் துப்பாக்கியும் இல்லாமல் தோட்டாவும் இல்லாமல், ஒப்புதல் பெறாத ஒருவரின் வண்டிப் பெட்டியில் கிடந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை.